வள்ளத்துல யாரு இருந்தா?

பெரியப்பா இந்தக் கேள்வியைக் கேட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. கோபமாகவெல்லாம் கேட்கவில்லை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நான் அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து கூப்பிட்டால் தூத்துக்குடியில் ஞாயிறு காலை எட்டரை. பூசைக்குப் போய்வந்து, நல்ல வேட்டியைக்கூட மாற்றாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அன்று மதியம் கடலில் எனக்கு நடந்ததை, கொஞ்சம் மசாலா சேர்த்து, ஒரு சாகசக் கதை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஏல, நீயும் உங் கூட்டாளியும் அடியில கெடந்தீங்க. அப்ப வள்ளத்துல யாரு இருந்தா?”

“யாருமில்ல பெரியப்பா. கட்டிப்போட்டுட்டுத்தான் எறங்குனோம்.”

“ம்” என்றார். அப்புறம் என் பையனின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

முப்பது வருடம் கடலில் முங்கிச் சங்கு எடுக்கப் போனவர் அவர். முகத்துக்கு ஒரு கண்ணாடி, காலில் கட்டிக்கொள்ள இரண்டு அலுமினியத் தகடு, இடுப்பில் ஒரு வலைப்பை. அவ்வளவுதான் அவருடைய சாமான். மூச்சை அடக்கிக்கொண்டு ஏழு பாகம், எட்டுப் பாகம் என்று இறங்கிய ஆள் (ஒரு பாகம் என்றால் சுமார் ஆறடி). சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், மணிக்கட்டில் ஆழமும் நேரமும் காட்டும் கம்ப்யூட்டர், குளிருக்கு 7 மில்லிமீட்டர் வெட்சூட் என்று நான் நின்ற படத்தைப் பார்த்துவிட்டு, “கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கியல” என்று சிரித்தவர். அவர் திட்டியிருந்தால் நான் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அந்த ‘ம்’ போகமாட்டேன் என்கிறது.

பிளாஸ்டிக் மரம்

நான் முக்குளிப்பது லா ஹோயாவில். சான் டியேகோ நகரத்துக்குள்ளேயே இருக்கும் கடற்கரை. கரையிலிருந்து நீந்திப்போகும் தூரத்திலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். பள்ளத்தாக்கைப் பார்க்க நீந்திப் போகலாம். ஆனால் எனக்குப் பைத்தியம் பிடித்திருப்பது கெல்ப் என்ற உயரமான கடற்பாசிக் காட்டின் மேல். அது விரிகுடாவின் தெற்குப் பக்கம், மலைமுகட்டுக்கு அப்பால், மணல் கரையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். முதுகில் சிலிண்டரோடு அவ்வளவு தூரம் மேல்மட்டத்தில் நீந்தினால், போய்ச் சேரும்போதே காலில் சக்தி இருக்காது. படகில் இடம் வாங்கினால் பதினைந்து பேரோடு, அவர்கள் சொல்லும் நேரத்துக்கு, அவர்கள் காட்டும் இடத்தில் இறங்க வேண்டும். எனக்கு அது ஒத்துவரவில்லை. அதனால் கயாக், துடுப்புப் போட்டுப் போகும் சின்னப் படகு.

உள்ளே காலை நுழைத்து உட்காரும் கயாக் வேறு. இது மேலே உட்காருவது. ஏறக்குறைய 4 மீட்டர் நீளம், 30 கிலோ எடை, மூடிய பிளாஸ்டிக் உடம்பு. உட்காரும் இடத்திலும் பின்பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை துளைகள் இருக்கும். அலை மேலே ஏறினால் தண்ணீர் அந்தத் துளை வழியாக அப்படியே கடலுக்கே போய்விடும். இறைக்க வேண்டாம். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் சிலிண்டர் வைப்பதற்கென்றே ஒரு குழி. 1970களில் மாலிபு கடற்கரையில் டிம் நீமியர் என்பவர் இந்த வகைக் கயாக்குகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். பழைய சர்ஃப் பலகை ஒன்றைக் குடைந்து, முக்குளிக்கும் சாமான் வைக்க இடம் பண்ணியதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். அதாவது இந்த வண்டி முதலிலேயே முக்குளிப்பவனுக்காகப் பிறந்தது.

இதையெல்லாம் நான் பெரியப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திவிட்டார். “தண்ணி மேல ஏறி கீழ ஓடிரும். ஆளு மேல உக்காந்துக்கிடணும். கவுந்தா திருப்பிப் போட்டுக்கிடலாம். இது மரம்தானல!” என்றார். எங்கள் பக்கம் கட்டுமரத்தை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வெறும் மரம்தான். எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. நம்முடைய கட்டுமரத்திலிருந்து எடுத்த ‘கேட்டமரான்’ என்ற சொல்லை ஆங்கிலேயர்கள் இரண்டு உடம்பு வைத்த பாய்மரப் படகுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கும் நம் மரத்துக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. உண்மையான சொந்தக்காரன் என் வீட்டுக் கார் ஷெட்டில் மஞ்சள் நிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

தண்ணீரில் உடுத்துவது

கயாக்கிலிருந்து முக்குளிப்பதில் வெளியாட்களுக்குப் புரியாத ஒரு விஷயம் உண்டு. சிலிண்டரையும் ஈயத்தையும் மாட்டிக்கொண்டு யாரும் துடுப்புப் போடுவதில்லை. எல்லாவற்றையும் கட்டி எடுத்துப்போய், போன இடத்தில் தண்ணீரில் மிதந்துகொண்டுதான் உடுத்த வேண்டும். 80 கன அடி அலுமினிய சிலிண்டர், காற்றோடு சேர்த்து 17 கிலோ இருக்கும். உடம்பு மிதக்காமல் கீழே இறங்குவதற்காகக் கட்டும் ஈயம் எனக்கு 9 கிலோ. ஆடுகிற பலகையில் உட்கார்ந்துகொண்டு இதை முதுகில் ஏற்றப் பார்த்தால் கயாக்கோடு சேர்ந்து கவிழ வேண்டியதுதான்.

சிலிண்டரை முதுகில் தாங்குவது ஒரு ஜாக்கெட், ஊதினால் மிதக்கும். முதலில் அதில் காற்றை ஊத வேண்டும். அப்புறம் அதைச் சிலிண்டரோடு சேர்த்துக் கடலில் தள்ளிவிட வேண்டும், கயாக்கோடு ஒரு கயிற்றில் கொக்கி மாட்டியபடி. அது பக்கத்தில் வாத்து மாதிரி மிதக்கும். கண்ணாடி, காலில் ஃபின் என்கிற நீச்சல் துடுப்பு. பிறகு நாம் வழுக்கி இறங்கி, ஜாக்கெட்டை அடியில் அழுத்தி அதன்மேல் உட்காருவதுபோலக் கைகளை நுழைத்துக்கொள்ள வேண்டும். ஈயம் கடைசியில்தான் ஏறும். திரும்பி வரும்போது அதுதான் முதலில் கழறும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டேன். ஊத மறந்துவிட்டுத் தள்ளிவிட்டேன். ஈயத்தை வேறு ஜாக்கெட் பையிலேயே போட்டு வைத்திருந்தேன். ஆயிரம் டாலர் சாமான் சத்தமே போடாமல் கீழே போனது. கயிறு விண்ணென்று இழுபட்டு, கயாக் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கொக்கி பிடித்திருந்ததால் பிழைத்தேன்.

ஏறுவதும் ஒரு கலைதான். ஈயத்தைக் கழற்றி மேலே வைத்து, ஜாக்கெட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி, காலை உதைத்து உடம்பைக் கிடைமட்டமாக்கி, சட்டென்று வயிறு மேலே விழுகிற மாதிரி இழுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் புரண்டு உட்கார வேண்டும். முதல் பத்துத் தடவை நான் ஏறியதைப் பார்த்த கடல்சிங்கங்கள் என்ன நினைத்தனவோ தெரியாது.

கடைசியாக, கட்டுவது. மணல் தரையென்றால் மடக்கு நங்கூரம். கெல்ப் காட்டில் அது தேவையில்லை. கெல்ப் என்றால் பாறையைப் பிடித்து நிற்கும் கடற்பாசி, ஆனால் பாசி என்று சொன்னால் மனதில் வரும் படம் தப்பு. அடியிலிருந்து 20 மீட்டருக்கு மேல் உயரமாக வளர்ந்து, மேல்மட்டத்தில் பரந்து படரும். ஒவ்வொரு இலையின் அடியிலும் காற்று நிரம்பிய குமிழ் இருக்கும், அதுதான் தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. நல்ல காலத்தில் ஒரே நாளில் ஒரு முழத்துக்குக் குறையாமல்கூட வளரும். இந்தத் தண்டுகளில் நாலைந்தைச் சேர்த்து அள்ளி, கயாக்கின் முன்கயிற்றை அதில் சுற்றிக் கட்டிவிடுவது இங்கே எல்லாரும் செய்வது. நாலைந்து என்று சொன்னேன். இது கொஞ்ச நேரத்தில் முக்கியமாகும்.

முடிச்சு அவிழவில்லை

அது ஒரு செப்டம்பர் மாதம். லா ஹோயாவில் காலையில் கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி கிடக்கும், பன்னிரண்டு மணிக்குமேல் மேற்கிலிருந்து காற்று எழும்பும். இது தெரியாத ஆள் இங்கே யாரும் இல்லை. நாங்கள் காலையிலேயே போய் ஒரு முறை இறங்கி ஏறிவிட்டோம். கோயம்புத்தூர்க்கார நண்பர் என்னைவிட அனுபவசாலி, பயிற்சியாளர்களுக்கு உதவியாளராக இருக்கும் சான்றிதழ் வைத்திருப்பவர். அவர் மணி பார்த்தார். தண்ணீர் அன்று அப்படித் தெளிந்திருந்தது, பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் மீனின் கண் தெரிந்தது. “இன்னொன்னு போட்டுடலாமா?” என்று கேட்டது நான்தான்.

கட்டியதும் நான்தான். இரண்டு கயாக்குகளையும் ஒன்றோடொன்று பிணைத்து, முன்கயிற்றைக் கெல்ப்பில் கட்டினேன். பக்கத்திலேயே பெருவிரல் தடிமனுக்கு ஒரு தண்டு நின்றது. மற்றவற்றை அள்ளுவதற்கு இன்னும் இரண்டு தடவை கையை நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. ஒற்றைத் தண்டில் கட்டிவிட்டு, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். முடிச்சு அருமையாக இருந்தது.

கீழே போனால் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்த மாதிரிதான். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே பச்சை நிழல், வரிசை வரிசையாகக் கொடி, நடுவில் சந்து. பத்து மீட்டருக்குக் கீழே தண்ணீர் சட்டென்று குளிர்ந்தது. ஆரஞ்சு நிறக் காரிபால்டி மீன் ஒன்று தன் பாறைச் சந்தைக் காத்துக்கொண்டு என்னை முறைத்தது. கலிஃபோர்னியாவின் மாநிலக் கடல்மீன் என்ற பட்டம் வாங்கிய மீன், அந்தத் திமிர் அதன் முகத்தில் இருக்கும். நண்பர் என் கையைத் தட்டினார். தண்டுகளுக்கு நடுவே, அசையாமல், ஒரு கருப்பு உருவம். நம் ஊர்க் களவா மீனை ஊதி ஊதி ஆள் உயரத்துக்கு ஆக்கிய மாதிரி இருந்தது. ராட்சதக் கடல் பாஸ் என்ற மீன். பிடித்துப் பிடித்தே அழியும் நிலைக்குக் கொண்டுவந்து, 1982இலிருந்து தடைபோட்டு, இப்போதுதான் மெல்லத் திரும்பி வருகிறது. அது எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம். அதன் பின்னாலேயே போனோம். நேரம் போனதே தெரியவில்லை.

மேலே ஏறும் வழியில், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அங்கே நிற்கும்போது மேலே அண்ணாந்து பார்த்துக் கயாக்குகளின் நிழலைத் தேடுவது என் பழக்கம். இரண்டு வெண்டைக்காய் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதுபோல இருக்கும். அன்று தெரியவில்லை. இலை மறைக்கிறது என்று நினைத்தேன். உண்மையில், நினைக்க ஆசைப்பட்டேன். வயிற்றுக்குள் ஏதோ அப்போதே தெரிந்துவிட்டது.

மேலே வந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். மேற்கே ஒன்றுமில்லை. தெற்கே பாறை. காற்று முகத்தில் அடித்தது, அலை நுனி வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. இரண்டாவது சுற்றில் ஒரு அலை என்னைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். கிழக்கே இருநூறு மீட்டர் இருக்கும். எங்கள் கொடி. சிவப்புத் துணியில் குறுக்கே வெள்ளைப் பட்டை, ‘இங்கே கீழே ஆள் இருக்கிறார்கள், தள்ளிப் போங்கள்’ என்று மற்றப் படகுகளுக்குச் சொல்வதற்காக நட்டது. அது தன் பாட்டுக்கு யாருமில்லாத தண்ணீருக்குக் காவல் காத்துக்கொண்டு போனது. நிஜமாகவே ஆள் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புத் தலைகள் மட்டும், கெல்ப் குமிழோடு குமிழாக.

துரத்தினேன். இந்த இடத்தைத்தான் நான் பெரியப்பாவிடம் மசாலா போட்டுச் சொன்னது. நிஜத்தில் அதில் சாகசம் எதுவும் இல்லை. ஊதிய ஜாக்கெட்டும் சிலிண்டருமாக மேல்மட்டத்தில் நீந்துபவன், மெத்தையைக் கட்டிக்கொண்டு ஓடுபவன் மாதிரி. ஆளில்லாத வெற்றுக் கயாக்குக்கோ எடையே இல்லை, காற்று அதைத் தாள் மாதிரி தள்ளிக்கொண்டு போகும். ஐந்தாறு நிமிடம் வெறிபிடித்து உதைத்தேன். வலது கெண்டைக்கால் கட்டிப்போட்ட மாதிரி பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் கொடி முன்பைவிடச் சின்னதாகியிருந்தது. வாயில் உப்புத்தண்ணீர், நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆழத்திலிருந்து வந்தவுடன் இப்படி உடம்பை வருத்தக் கூடாது என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நைட்ரஜன் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும் நேரம் அது.

பின்னாலிருந்து நண்பர் கத்தினார். “காத்தோட போட்டி போடாதீங்க! நில்லுங்க!” நான் நின்றேன். என்னைப் பொறுத்தவரை அந்த நாளில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். அவர் நிதானமாக வந்து சேர்ந்து, தூரத்திலிருந்து தெரிவதற்காக ஆளுயர ஆரஞ்சுக் குழலை ஊதி நிமிர்த்திப் பிடித்தார். என் காலை நீட்டி, ஃபின் நுனியைப் பிடித்து இழுக்கச் சொன்னார். கரை எங்கே என்று தெரிந்தது, காற்றும் கரைப் பக்கம்தான். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ மல்லாந்து நீந்தினால் போய்விடலாம். மேற்குக் காற்றாக இல்லாமல் நிலத்துக் காற்றாக இருந்திருந்தால்? அந்தக் கணக்கை நாங்கள் இருவருமே வாய்விட்டுப் போடவில்லை.

அரை மணி நேரம் நீந்தியிருப்போம். கொடி அசையாமல் நிற்பதை நண்பர் பார்த்தார். நெருங்கிப் போனால், மீன்பிடிக் கயாக்கில் ஒரு வயதானவர். ஆசியக்காரர், பெரிய ஓலைத்தொப்பி. கையில் தூண்டில். எங்கள் முன்கயிற்றைத் தன் கயாக்குக்குள் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், தூண்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை. நாங்கள் ஏறி முடிக்கும்வரை அந்தக் காலையும் எடுக்கவில்லை. நன்றி என்று நான் நாலு தடவை சொல்லியிருப்பேன். அவர் கயிற்றின் நுனியை உயர்த்திக் காட்டிவிட்டு என் பக்கம் எறிந்தார்.

முடிச்சு அப்படியே இருந்தது. அவிழவே இல்லை. அதற்குள் ஒரு சாண் நீளத்துக்குக் கெல்ப் தண்டு, இரண்டு பக்கமும் பிய்ந்து, வழுவழுவென்று.

கயிறு பிடிப்பவர்

நண்பருக்கு இது எளிய கணக்கு. ஒற்றைத் தண்டில் கட்டியது தப்பு, காற்று எழும்பும் நேரத்தில் இறங்கியது தப்பு, நங்கூரமும் சேர்த்துப் போடாதது தப்பு. தப்பைத் திருத்தினால் விஷயம் முடிந்தது. அதன்பிறகு எங்களுக்குச் சட்டம் கடுமையானது. தண்டுகளை அள்ளிக் கட்டுவோம், கூடவே நங்கூரமும் போடுவோம். நங்கூரக் கயிற்றைப் பிடித்தே இறங்கி, அது பாறையைக் கவ்வியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்போம். நீவாட்டுக்கு, அதாவது நீரோட்டத்துக்கு, எதிராகத்தான் தொடங்குவோம், களைத்த பிறகு அதுவே திருப்பிக் கொண்டுவந்துவிடும். சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது கயிற்றடியில் இருக்க வேண்டும். இடுப்பில் தண்ணீர் புகாத பெட்டியில் கையடக்க ரேடியோ, அவசரத்துக்கு 16ஆம் சேனல். மதியத்துக்குமேல் இறங்குவது கிடையாது. இவ்வளவும் சரிதான், இன்றைக்கும் இதில் ஒன்றையும் விடுவதில்லை.

பெரியப்பாவின் கேள்வியை அவரிடம் சொன்னபோது சிரித்தார். “ரோட்டோரமா காரை நிறுத்திட்டுத்தானே கடைக்குப் போறோம். யாராவது உள்ள உக்காந்திருக்காங்களா?” என்றார். நல்ல கேள்வி. ஒரு வருடம் நானும் அவர் கட்சிதான். பெரியப்பாவின் காலத்தில் சிலிண்டர் இல்லை, ரேடியோ இல்லை, அதனால் ஆள் வேண்டியிருந்தது, இப்போது கருவி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ரோடு எங்கேயும் நகர்ந்து போகாது. அதோடு, அன்று எங்களைக் காப்பாற்றிய கருவி எது என்று யோசித்தால், ஒரு கால்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு அடியில் போகிறவனின் கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருப்பார். அடியிலிருந்து ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், அதற்குள் கவனம் சிதறினால் போச்சு. அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கலாம், கூட்டாளிக்குக் கணக்கில் கண் இருக்கலாம், மச்சானுக்குத் தன் அக்காவோ தங்கையோ தாலியறுக்கக் கூடாதே என்ற கவலை மட்டும்தான் இருக்கும். தூத்துக்குடியில் கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பெரியப்பா அப்போது பொடியன். சங்குக்குப் போன அவர் கயிறு எதுவும் கட்டிக்கொள்ளவில்லை, ஆனாலும் வள்ளத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் காலத்திலும் மாறவில்லை. அந்த ஆளுக்குப் பெரிய வேலை ஒன்றும் இருக்காது. பீடி குடிப்பார், சோறு பொங்குவார், மேற்கே பார்ப்பார். முங்கியவர்களின் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். எண்ணிக்கை குறைந்தால் எழுந்து நிற்பார். பங்கு அவருக்கும் உண்டு.

இதில் ஒன்று எனக்குப் பிடிபட நாளாயிற்று. நான் கயாக்கை விரும்பியதே அதில் யாரும் இல்லை என்பதால்தான். கேப்டன் இல்லை, பெயர் கூப்பிடுபவர் இல்லை, ‘நேரமாச்சு’ என்பவர் இல்லை. வாரம் முழுக்க யாராவது என் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், சனிக்கிழமை மட்டும் யாரும் எண்ணக் கூடாது. பெரியப்பாவோ, தன் தலையை ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் மூச்சை அடக்கியிருக்கிறார்.

மச்சான்

சரி, என் மச்சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனைவியின் தம்பி. இர்வைனில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாம்பாருக்காக எங்கள் வீட்டுக்கு வருவான். போன வருடம் ஒரு சனிக்கிழமை, “சும்மா மேல உக்காந்திரு, போதும்” என்று சொல்லி மூன்றாவது கயாக்கில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஈயக்கட்டி ஒன்றும் கொடுத்தேன். ஏதாவது என்றால் டம்ளரைத் தண்ணீருக்குள் முக்கி ஈயத்தால் தட்ட வேண்டும். தண்ணீரில் சத்தம் காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது, தலைக்குள்ளேயே யாரோ தட்டுவதுபோல இருக்கும்.

இறங்கி இருபதாவது நிமிடம் தலைக்குள் டிங் டிங் டிங். நண்பரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, முறைப்படி நின்று நின்று மேலே வந்தோம். மச்சான் கயாக்கின் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தான். ஓடுகிற படகில் வராத குமட்டல், கட்டிப்போட்ட படகில் வந்துவிடும். இதை நான் யோசிக்கவே இல்லை. அவனைச் சுற்றித் தண்ணீரில் குட்டி மீன்கள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. காலையில் சாப்பிட்ட பொங்கல். “மாமா, கரைக்குப் போலாம்” என்றான். போனோம். அவ்வளவு அழகான தண்ணீர், இருபது நிமிடத்தில் முடிந்தது. நண்பர் கரை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. “கார்லயே ஆளை உக்காரவைக்க வேணாம்னு சொன்னேன்ல” என்ற வாசகம் அவர் முதுகில் எழுதியிருந்தது.

அடுத்த தடவை வரமாட்டான் என்று நினைத்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு வந்தான். மூன்றாவது தடவை மறுபடி டம்ளர் சத்தம். மேலே வந்தால் கரையே இல்லை. எங்கள் ஊரில் மாப்பு போடும் என்பார்களே, அது மாதிரி கடல்மூட்டம் மேற்கிலிருந்து இறங்கி மலைமுகடு, வீடுகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. மூடுவதற்கு முன்னால் அவன் போனில் திசைகாட்டியைத் திறந்து, கரை எந்தப் பக்கம் என்று பார்த்துக் கயாக்கின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நண்பர் அவன் கயாக்கின் பக்கத்தில் மிதந்தபடி, ஈயப்பட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டினார். அவன் வாங்கி வைத்துவிட்டு, “ரெண்டு பேர், ரெண்டு பேர்” என்று முணுமுணுத்துக்கொண்டான்.

அன்று இரவு பெரியப்பாவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை மசாலா சேர்க்கவில்லை. மச்சான் உட்கார்ந்திருக்கிறான், டம்ளர் வைத்திருக்கிறான், மூட்டம் வந்ததும் தட்டினான் என்று சொன்னேன். மச்சான் என்றதும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த ‘ம்’முக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

“பயலுக்கு நீச்சல் தெரியுமால?”

“தெரியும் பெரியப்பா. அவன் அபார்ட்மென்ட்ல நீச்சல் குளம் இருக்கு, அதுல நீந்துவான். லைஃப் ஜாக்கெட்டும் போட்டுத்தான் உக்காருவான்.”

கொஞ்ச நேரம் தெருச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ மீன்காரம்மா கூவிக்கொண்டு போனார்.

“அப்ப நீங்க ரெண்டு பேரும் அடியில கெடக்கைல,” என்றார் பெரியப்பா, “அவன யாருல பாத்துக்கிடுதா?”